காசிக்குப் போனால் சத்திரம் உண்டு. சென்னைக்கு வேலை பழகப் போனால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று உங்கள் வாசகர் பகுதியில் வந்த ஓய்வுபெற்ற பேராசிரியரின் கடிதத்தை எங்கள் வீட்டில் மூன்று பேரும் படித்தோம். மாவட்டங்களில் உள்ள அரசு சட்டக் கல்லூரி மாணவர்கள் பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களின் பக்கம் பயிற்சிக்குக்கூடத் தலைகாட்டுவதில்லை, அதற்குக் காரணம் ஆங்கிலம் போதாததுதான் என்று எழுதியிருந்தார். அப்பா படித்துவிட்டு, “உன்னைத்தான் சொல்கிறார் போலிருக்கிறது” என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் செய்தித்தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். அதனால் இந்தக் கடிதம்.

நான் ஐந்தாண்டு சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். ஊர் செட்டிநாட்டில் ஆத்தங்குடி. அப்பா டைல்ஸ் பட்டறையில் கல் வார்க்கிறார். கண்ணாடித் தட்டில் அச்சை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். பூவின் முகம் கீழே இருக்கும். திருப்பிப் போடும்வரை எப்படி வந்திருக்கிறது என்று தெரியாது. நான் தலைகாட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சென்ற ஆண்டு மே மாதம் நான்கு வாரம் சென்னையில் அப்படியொரு நிறுவனத்தில் பயிற்சி செய்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன். முதல் நாளே இரகசியம் காப்பதாக மூன்று பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆகவே கீழே வரும் வழக்கு விவரங்களில் ஊர், பெயர், ஆண்டு மூன்றையும் மாற்றியே சொல்கிறேன்.

ஆங்கிலத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பேராசிரியர் சொன்னதில் கால் பங்கு உண்மை. முதல் வாரம் கூட்டங்களில் நான் வாய் திறக்கவில்லை. ‘இன்டெம்னிட்டி’ என்பதை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 124-ஆம் பிரிவு என்று தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஓர் ஒப்பந்தத்தில் அதற்கு நான்கு பக்கம் ஒதுக்கி, யாருடைய நட்டத்தை யார், எத்தனை கோடிவரை, எத்தனை மாதம்வரை ஏற்பது என்று இரு தரப்பு வக்கீல்களும் மல்லுக்கு நிற்பதை அங்கேதான் பார்த்தேன். பேச்சு ஆங்கிலத்தில் என்னைவிட எவ்வளவோ தேர்ந்த தேசிய சட்டப் பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர் உடன் இருந்தார்கள். ஒப்பந்த ஆங்கிலம் அவர்களுக்கும் புதிதாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரத்தில் எல்லோரும் ஒரே அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஆக, அந்தத் தடை இரண்டு வாரத்தில் தாண்டக்கூடியது.

தாண்ட முடியாதது வேறு. கணக்குக்குப் பேர்போன சீமையில் பிறந்துவிட்டுக் கணக்குச் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது. சூளைமேட்டில் பெண்கள் விடுதி, காலை இரவு உணவுடன் ஒரு மாதத்துக்கு 9,000 ரூபாய். முன்பணம் 5,000, திருப்பித் தரும்போது ‘பராமரிப்பு’ என்று 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். (நான்கு வாரத்தில் நான் எதைக் கெடுத்திருப்பேன் என்று கேட்டேன். “எல்லோரிடமும் பிடிப்பதுதானம்மா” என்றார் விடுதிக்கார அக்கா. எழுத்தில் எதுவும் இல்லாததால் வாதாட முடியவில்லை. சட்ட மாணவி வாடகைச் சீட்டு இல்லாமல் முன்பணம் கொடுத்தாள் என்பதை நீங்கள் வெளியிடாமல் விட்டால் மகிழ்வேன்.) மதியச் சாப்பாடு 24 நாளைக்கு 1,920. வெள்ளைச் சட்டை, கருப்புக் காலுடை, காலணி 2,600. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போகும் செலவு தப்பியது. ஆனால் இரவு பத்தரைக்கு மேல் தனியாகப் பேருந்துக்கு நிற்க அம்மா சம்மதிக்கவில்லை. பதினோரு இரவு ஆட்டோ, 1,320. காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் போய்வந்தது, சில்லறைச் செலவு எல்லாம் 660. மொத்தம் 16,500 ரூபாய்.

மடிக்கணினி இந்தக் கணக்கில் இல்லை. அவரவரே கொண்டுவர வேண்டும் என்றார்கள். மாமா மகனிடம் இரவல் வாங்கிப் போனேன். நிறுவனம் உதவித்தொகை எதுவும் தரவில்லை. தருவதாகச் சொல்லவும் இல்லை, அதனால் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். கடைசி நாளில் சான்றிதழும் ஒரு நல்ல பேனாவும் கொடுத்தார்கள். அம்மாவின் ஒற்றை வளையல் கூட்டுறவு வங்கியில் இருக்கிறது.

உடன் இருந்த நான்கு பேரில் ஒருவர்கூட விடுதியில் தங்கவில்லை. ஒருவருக்குப் பெசன்ட் நகரில் சித்தி வீடு. ஒருவருக்கு அண்ணா நகரில் சொந்த வீடே. மற்ற இருவரும் சேர்ந்து ஒரு மாதத்துக்கு வீடு எடுத்திருந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒப்பந்தத்தில் வரையறைப் பகுதியை எப்படிச் சரிபார்ப்பது என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததே அந்தப் பெசன்ட் நகர்ப் பெண்தான். பெரிய எழுத்தில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்பக்கத்தில் வரையறை இருக்கிறதா, வரையறை கொடுத்த ஒவ்வொரு சொல்லும் உள்ளே எங்காவது வருகிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். நூறு பக்க ஒப்பந்தத்தில் இதைச் செய்து முடித்தால் கண் பூத்துவிடும்.

நான் செய்த பெரிய தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் நாள், பங்கு வாங்கும் ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்துப் பக்க எண், பத்தி எண்களை ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள். திறந்தால் முழுக்கச் சிவப்பும் நீலமுமாக அடித்தலும் திருத்தலும். இத்தனை அலங்கோலமாக இருக்கிறதே என்று எல்லாத் திருத்தங்களையும் ஏற்கும் பொத்தானை அழுத்திச் சுத்தமாக்கிக் கொடுத்துவிட்டேன். அந்தச் சிவப்பெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீல்கள் போட்டு அனுப்பிய மாற்றங்கள். எங்கள் தரப்பு அவற்றில் பாதியை ஏற்கவே இல்லை. இரவு எட்டே முக்காலுக்கு அசோசியேட், அதாவது எங்களுக்கு வேலை கொடுக்கும் வக்கீல், வந்து என் மேசை அருகில் நின்றார். கத்தவில்லை. “சிவப்பு அழுக்கு இல்லை, எதிராளியின் பேச்சு. அதை அழித்துவிட்டால் அவர் என்ன கேட்டார் என்று நமக்கு எப்படித் தெரியும்?” என்றார். பழைய படி இருந்தது; இரண்டு மணி நேரத்தில் எல்லாம் சரியாயிற்று. அன்றைய ஆட்டோதான் 1,320-இல் முதல் 120.

இனி அந்தப் பத்திரக் கதை. பேராசிரியர் ஐயா இதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

ஒரு சொத்தையோ நிறுவனத்தையோ வாங்குமுன் அதன் காகிதங்களை முழுக்க அலசுவதை ‘டியூ டிலிஜென்ஸ்’ என்கிறார்கள். மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான். வாங்குகிற தரப்புக்கு நாங்கள் வக்கீல். பட்டியலில் தென் மாவட்டத்துப் பழைய வீடு ஒன்றும் இருந்தது. பொதுவாக முப்பது ஆண்டு உரிமைத் தொடர் பார்ப்பார்கள். இந்த வீடு பங்காளிகளிடையே பாகம் பிரியாமல் கிடந்ததால் 1940-கள்வரை பின்னால் போக வேண்டியிருந்தது. தாய்ப்பத்திரங்கள் எல்லாம் தமிழில், கையெழுத்தில். மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்து வாங்கிய ஆங்கிலப் படியைத்தான் அலுவலகத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆங்கிலப் படியில், வீட்டின் ஒரு பகுதிக்குப் ‘கீழ்ப் பாராவில் உள்ள அறை’ என்ற பொருளில் ஏதோ எழுதியிருந்தது. எந்தப் பாரா என்று ஒருவர் பத்திரம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். மூலத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ‘கீழ்ப்பத்தி அறை’. எங்கள் பக்கத்து வீடுகளில் முகப்பைத் தாண்டினால் வளவு, வளவைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்துக்குப் பத்தி என்று பெயர். கீழ்ப்பத்தி என்றால் கிழக்குத் தாழ்வாரம். மொழிபெயர்த்தவர் பத்தியைக் கட்டுரைப் பத்தியாக்கி, கிழக்கைக் கீழாக்கி, மேற்கை மேல்மாடியாக்கியிருந்தார். அந்த ஆங்கிலத்தின்படி பார்த்தால், ஒற்றைத் தளமாக இருந்த பகுதியில் இரண்டு பங்காளிகள் ஒருவர் தலைமேல் ஒருவர் குடியிருந்தார்கள். இதைச் சொன்னபோது அறையே சிரித்தது.

சிரிப்பு அடங்கிய பிறகு மீதியையும் படித்துப் பார் என்றார்கள். நான்காவது பக்கத்தில், பங்காளிகளில் ஒருவர் தம் தம்பி மகனைப் ‘பிள்ளை கூட்டிக்கொண்ட’தாக ஒரு வரி. ஆங்கிலத்தில், பையனைத் ‘தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்’ என்று இருந்தது. விருந்துக்கு அழைத்ததைப் போல! பிள்ளை கூட்டுவது என்றால் எங்கள் சீமையில் சுவீகாரம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் சொந்தபந்தம் கூடி, முறைப்படி நடத்தும் காரியம். இந்த ஒரு வரியைத் தவறவிட்டதால் அலுவலகம் தயாரித்த வம்சாவளிப் படத்தில் அந்தக் கிளை ‘வாரிசு இல்லை’ என்று முடிந்துபோயிருந்தது. பிள்ளை கூட்டியிருந்தால் அவர் மகன். அவருக்குப் பங்கு உண்டு. அவர் வழி வந்தவர்கள் கையெழுத்து இல்லாமல் அந்த வீட்டை முழுதாக வாங்க முடியாது.

அசோசியேட் கேட்ட முதல் கேள்வி, “இதற்கு ஆதாரம்?”

“எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், சார்.”

“ஊரை அறிக்கையில் அடிக்குறிப்பாகப் போட முடியாதே.”

அன்று இரவும் அடுத்த நாளும் மற்றப் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். பதினாறு ஆண்டு கழித்து எழுதிய ஓர் அடமானப் பத்திரத்தில் அதே பெயருள்ளவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். சிறுவனாக இருந்தபோது பத்திரத்தில் கண்ட தலைப்பெழுத்து வேறு, இப்போது வேறு. பிறந்த தகப்பனாரின் எழுத்துப் போய்ப் பெரியப்பாவின் எழுத்து வந்திருந்தது. கீழே ‘குமாரர்’ என்றும் இருந்தது. அவருடைய பிள்ளைகள் மலேசியாவில் இருப்பது பிறகு தெரியவந்தது. அவர்கள் தங்களுக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்திட அங்கிருந்து பவர் பத்திரம் எழுதி அனுப்பினால், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் 1899-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டப்படி அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதையும் அந்தச் சாக்கில் கற்றேன். வகுப்பில் இந்தப் பிரிவை எந்த ஆண்டு நடத்தினார்கள் என்றே நினைவில்லை.

அறிக்கையில் அந்த விஷயம் மூன்று வரியாக வந்தது. என் பெயர் வரவில்லை. பயிற்சி மாணவர் பெயர் வருவது வழக்கமும் இல்லை. நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவரான பார்ட்னர் அம்மா மட்டும் மின்தூக்கியில் பார்த்தபோது, “கீழ்ப்பத்தி நீதானே?” என்று கேட்டார். அடுத்த இரண்டு வாரமும் அலுவலகத்தில் என் பெயர் அதுதான்.

ஐயா, அந்த அறையில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் முப்பது பேர் இருந்தார்கள். கீழ்ப்பத்தி தெரிந்தவள் ஒருத்தி. அந்த ஒருத்தியும் 16,500 ரூபாய் புரட்ட முடிந்ததால்தான் அங்கே இருந்தாள்.

இதை நான் அப்பத்தாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “சோறு அவர்கள் போட்டார்களா?” அப்பத்தாவின் தகப்பனார், இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார் கிட்டங்கி ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். ஒரே நீளக் கூடத்தில் பல மார்க்காக்காரர்களும் (தனித்தனி வட்டிக்கடைக்காரர்கள்) வரிசையாகப் பெட்டியும் சாய்மேசையும் போட்டு வட்டித் தொழில் செய்த இடம் அது. நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி, மீசைகூட அரும்பாத பையன்கள் அங்கே வேலை பழக வருவார்களாம். பெட்டியடிப் பையன் என்று பெயர். பெட்டியைத் துடைப்பது, கடிதம் கொண்டுபோவது, பேரேட்டைப் பார்த்து எழுதுவது என்று தொடங்கி, தேறினால் மேலாளுக்கு உதவியான அடுத்தாள், அதற்கும் மேல் தேறினால் கடையையே நடத்தும் மேலாள். மேலாளாகப் போகிறவருக்கு மூன்றாண்டுக்குச் சம்பளச் சீட்டு எழுதி, ஒரு பகுதியை ஊரில் குடும்பத்திடம் முன்னதாகவே கொடுத்துவிடுவார்கள். பையனுக்குப் பெரிதாகப் பணம் கிடையாது. ஆனால் கிட்டங்கியில் சோறும், இரவில் அதே கூடத்தில் பாய் விரிக்க இடமும் உண்டு.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று ஆண்டு தாய் முகம் பார்க்காமல் கிடந்த பிள்ளைகள் அவர்கள். ஐந்தொகைக் கணக்கில் ஒரு காசு இடித்தாலும் அன்று தூக்கம் இல்லையாம். அந்தப் பெட்டிகளில் சேர்ந்த வட்டிக்குப் பர்மாவிலும் மலாயாவிலும் யார் யார் நிலத்தை இழந்தார்கள் என்பதும் தெரிந்ததுதான். பெட்டியடிக்கு எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்களா என்றும் கேட்கலாம். சமையல்காரரின் பேரன் மகளுக்கு விடை தெரியாதா என்ன. இருந்தாலும் பழக வரும் பிள்ளைக்கு வயிறு ஒன்று இருக்கிறது, படுக்க ஆறடி வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துவிட்டுத்தான் கடையைத் திறந்தார்கள்.

இன்றைய விதிகளைப் பாருங்கள். இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் பயிற்சி கட்டாயம். ஓர் ஆண்டில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. என்ன உடை உடுத்த வேண்டும் என்பதற்குக்கூட விதி இருக்கிறது. எங்கே தங்குவது, யார் செலவு என்பதற்கு ஒரு வரி இல்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகக் கொடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்புமாறு தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. படித்து முடித்து கவுன் போட்டவர்களுக்கு அது. எங்களைப் போன்ற பயிற்சி மாணவர்கள் அதில் வரமாட்டோம்.

மூன்றாம் ஆண்டில் தேவகோட்டை நீதிமன்றத்தில் ஒரு வக்கீல் ஐயாவிடம் நான்கு வாரம் இருந்தேன். அவரும் பணம் தரவில்லை. ஆனால் அவர் வீட்டிலிருந்து வரும் தூக்குச்சட்டியில் எனக்கும் சேர்த்தே சோறு வரும், மாலையில் பஸ் ஏறி நான் என் வீட்டுக்கு வந்துவிடுவேன். அதனால் அங்கே எனக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. எங்கள் கல்லூரியில் பெரும்பாலோர் இருபது வாரத்தையும் இப்படிச் சொந்த ஊர் நீதிமன்றத்திலேயே முடிக்கிறார்கள். அது இழிவான வேலை இல்லை, பார்க்கப்போனால் வழக்கு நடத்தக் கற்பது அங்கேதான். ஆனால் அதை விரும்பித் தேர்ந்தார்கள் என்று பேராசிரியர் நினைத்தாலும் தப்பு, ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்கினார்கள் என்று நினைத்தாலும் தப்பு. சூளைமேட்டில் 9,000 ரூபாய் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

நிறுவனங்கள் உதவித்தொகை தரட்டும் என்று கேட்பது எளிது. கேட்கத்தான் வேண்டும். அது நடக்கும்வரை எங்கள் சீமைக்காரர்களிடம் எனக்கு வேறொரு கோரிக்கை இருக்கிறது. காசியில் நகரத்தார் சத்திரம் இருக்கிறது. ராமேசுவரத்தில் இருக்கிறது, பழனியில் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர் தெருவில் நிற்கக் கூடாது என்று ஊருக்கு ஊர் விடுதி கட்டிய சீமை இது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கரையும் 15 லட்ச ரூபாயையும் தூக்கிக் கொடுத்த சீமை. சென்னையில் எங்காவது ஒரு மாடியில் பத்துக் கட்டில் போதும். சட்டம் மட்டுமல்ல, கணக்குத் தணிக்கை, கட்டடக் கலை எதைப் படிப்பவரானாலும் சரி, எந்தச் சாதியானாலும் சரி, சிவகங்கை மாவட்டத்துப் பிள்ளை என்று கல்லூரிக் கடிதம் காட்டினால் நான்கு வாரம் தங்கலாம், சோற்றுக்கு மட்டும் பணம் என்று ஒரு ஏற்பாடு. சென்னையில் நம் பக்கத்துக்காரர்கள் எத்தனை பேருக்கு எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்பது அவர்களுக்கே தெரியும். பராமரிப்புக்கு 1,000 ரூபாய் பிடித்தாலும் கொடுத்துவிடுகிறோம், எழுத்தில் இருந்தால் சரி.

கல்லூரிகளுக்கும் ஒரு சொல். பயிற்சி நாட்குறிப்பில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறீர்கள். போன மாணவர் எங்கே தங்கினார், எவ்வளவு செலவானது, எந்த நிறுவனம் பணம் தந்தது, எது தரவில்லை என்று ஒரு பதிவேடு வைத்தாலே அடுத்து போகிறவருக்குப் பாதிச் சுமை குறையும். நான் 31 நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று பதில் வந்தது. அதில் இரண்டு, இடம் இல்லை என்று. எந்த மாதம் எழுதினால் இடம் இருக்கும் என்பதைச் சொல்ல ஆள் இல்லை.

எங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்திக்கு வரும் மே மாதத்துக்கு ஒரு நிறுவனத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்கும் உதவித்தொகை இல்லை. போன வியாழக்கிழமை தொலைபேசியில், “அக்கா, நீங்கள் இருந்த விடுதியில் எவ்வளவு ஆகும்?” என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். வருவதாக இந்த மாதம் 15-ஆம் தேதிக்குள் அவள் அந்த நிறுவனத்துக்கு எழுத வேண்டும். இன்றோடு எட்டு நாள் ஆகிறது. இன்னும் என்னைக் கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
ஐந்தாம் ஆண்டு சட்ட மாணவி,
ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டம்.

(பெயரை வெளியிட வேண்டாம். வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.)